தணிதலும் அழிதலும்: அருணகிரிநாதர் கதையும் போதை அடிமைநிலையும்

திருத்தணி தமிழகத்தின் வட எல்லையில், ஆந்திர மாநிலத்தை ஒட்டி அமைந்த மலைக்கோவில் நகரம். சூரபதுமனோடு நிகழ்ந்த போரும், வள்ளியை மணப்பதற்காக வேடரோடு நிகழ்ந்த பூசலும் முடிந்தபின் முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் தணிகை என்ற பெயர் வந்ததாகத் தல வரலாறு கூறும். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அருணகிரிநாதர் இத்தலத்தின் மேல் அறுபதுக்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்களைப் பாடியிருக்கிறார். திருப்புகழ்ச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. அவருடைய மகனும் திருப்புகழுக்கு உரை கண்டவருமான வ.சு. செங்கல்வராய பிள்ளை 'தணிகைமணி' என்றே அறியப்பட்டார். திருப்புகழுக்கும் தணிகைக்கும் உள்ள உறவு அத்தகையது.

அருணகிரிநாதரின் வாழ்க்கைக் கதை தமிழில் மிகப் பரவலாக அறியப்பட்ட மீட்சிக் கதைகளில் ஒன்று. ஏதோ ஒன்றுக்கு அடிமையாகி அழிவின் விளிம்புவரை சென்ற ஒருவர் மீண்டு வந்த கதை அது. குடியை விட நினைப்பவர்களிடமும் அவர்களின் குடும்பத்தாரிடமும் இந்தக் கதை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் கதை சொல்லும் மீட்சியும் பாடல்கள் காட்டும் மீட்சியும் ஒன்றல்ல. அடிமைநிலையை ஆழ்மன உளவியல் எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும்.

கதை சொல்வது

அருணகிரிநாதரின் வாழ்க்கைக்குச் சமகாலச் சான்றுகள் இல்லை. செவிவழிக் கதைகள் பல வடிவங்களில் கிடைக்கின்றன. பொதுவாகச் சொல்லப்படும் வடிவம் இது. திருவண்ணாமலையில் பிறந்து இளமையிலேயே தாயை இழந்த அருணகிரியை அவருடைய அக்காள் வளர்க்கிறாள். அவர் பரத்தையர் உறவில் மூழ்கி, வீட்டுப் பொருள் அனைத்தையும் கரைக்கிறார். உடல் நோயுறுகிறது, விருப்பம் மட்டும் குறையவில்லை. கடைசியாகக் கொடுக்க ஏதுமற்ற நிலையில் அக்காள், உனக்குத் தேவை ஒரு பெண்ணுடல்தான் என்றால் இதோ நான் இருக்கிறேன் என்று சொல்கிறாள். அந்தச் சொல்லில் இடிந்துபோன அருணகிரி கோவில் கோபுரத்தின் மேல் ஏறிக் குதிக்கிறார். முருகன் அவரைத் தாங்கி, அருள் செய்து, பாடச் சொல்கிறார்.

டி.எம். சௌந்தரராஜன் நடித்து 1964-இல் வெளிவந்த 'அருணகிரிநாதர்' திரைப்படம் இந்தக் கதையை ஒரு தலைமுறையின் மனத்தில் காட்சியாகப் பதித்தது.

இந்தக் கதையில் மீட்சி ஒரே கணத்தில் முடிந்துவிடுகிறது. குதிக்கும்வரை ஒரு மனிதர், தாங்கப்பட்ட பின் முற்றிலும் வேறொரு மனிதர். பழைய ஆசை என்னவானது என்ற கேள்விக்கே கதையில் இடமில்லை.

பாடல்கள் சொல்வது

இன்று கிடைக்கும் திருப்புகழ்ப் பாடல்கள் ஆயிரத்து முந்நூறு அளவில் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கும் ஒரு பொது அமைப்பு உண்டு. பாடலின் முற்பகுதி பெண்ணழகை, அதன் மேல் கொண்ட மயக்கத்தை, அதனால் நேரும் சீரழிவை விரிவாகச் சொல்லும். பின்னர் ஒரு திருப்பத்தில் என்னை ஆட்கொள்ள மாட்டாயா என்ற வேண்டுதல் வரும். அதன்பின் முருகனின் வீரமும் காதலும் போற்றப்பட்டு, தலத்தின் பெயரோடும் 'பெருமாளே' என்ற விளியோடும் பாடல் முடியும். தணிகைப் பாடல்கள் பலவும் இந்த அமைப்பில் உள்ளவையே.

இந்த வேண்டுதலின் காலத்தைக் கவனிக்க வேண்டும். கோபுரத்தில் தாங்கப்பட்டு, அருள் பெற்று, ஊர் ஊராகச் சென்று பாடும் ஒருவர், இன்னும் அருளப்படாதவர் போலவே ஒவ்வொரு ஊரிலும் கேட்கிறார். நான் திருந்திவிட்டேன் என்ற அறிவிப்பைவிட, நான் இப்படிப்பட்டவன், என்னைக் கைவிடாதே என்ற முறையீடே இப்பாடல்களில் மிகுதி. பழைய மயக்கம் கசப்பாக மட்டும் நினைவுகூரப்படவில்லை, அதன் கவர்ச்சி குன்றாமலேயே சொல்லப்படுகிறது. விட்டவருக்கும் விட்ட பொருளின் இனிமை நினைவிருக்கும் என்பதைப் பாடல் மறைக்கவில்லை.

இதற்கு மரபான ஒரு மறுப்பு உண்டு. அருணகிரிநாதர் உலகத்தார் குற்றத்தைத் தம் மேல் ஏற்றிக்கொண்டு பாடினார், இப்பாடல்களைத் தன்வரலாறாகக் கொள்ளக்கூடாது என்பர் உரையாசிரியர். பக்தி இலக்கியத்தில் இந்த மரபு நெடியது. ஆகவே மறுப்பு நியாயமானதே. ஆனால் அது இங்கு சொல்லப்படும் கருத்தை வலுப்படுத்தவே செய்கிறது. பாடலில் உள்ள 'நான்' ஒரு தனிமனிதருக்கு மட்டும் உரியதல்ல என்றால், பாடுகிற எவரும் அந்த 'நான்' ஆகலாம். அப்படி ஒரு தவறும் செய்யாதவரும் அதைப் பாடுகிறார். செய்தவர் அவர் பக்கத்தில் நின்று, யாராலும் சுட்டப்படாமல், அதே சொற்களைப் பாட முடிகிறது.

ஆழ்மன உளவியலின் பார்வை

ஆழ்மன உளவியல் அடிமைநிலையை மன உறுதியின் குறைபாடாகப் பார்ப்பதில்லை. இந்தப் பொருள் இவருக்கு எதைத் தருகிறது என்பதே அதன் முதல் கேள்வி. அமெரிக்க உளமருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-இல் வெளியிட்ட தன்மருத்துவக் கருதுகோள், ஒருவர் தம்மால் தாங்க முடியாத உணர்வுகளைத் தணிக்கவே போதைப்பொருளை நாடுகிறார் என்றது. அச்சம், வெட்கம், வெறுமை, அடக்கிவைத்த சினம் ஆகியவற்றுக்கு அவர் தாமே கண்டுபிடித்த மருந்து அது. அந்த மருந்தே பின்னர் பெரிய நோயாகிறது. இந்நிலையில் போதையை மட்டும் பறித்துவிட்டால், அது மூடிவைத்திருந்த வலி திறந்துகொள்ளும்.

கார்ல் குஸ்தாவ் யுங் இதை வேறொரு திசையில் கொண்டு சென்றார். அவரிடம் சிகிச்சை பெற்ற ரோலண்ட் ஹசார்ட் என்ற அமெரிக்கர் மீண்டும் குடிக்குத் திரும்பியபோது, இனி மருத்துவத்தால் பயனில்லை, ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் ஒன்றே வழி என்று யுங் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் செய்தி சிலர் வழியாகப் பில் வில்சனை அடைந்தது. வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளர் கூட்டமைப்பின் தோற்றக் கதையில் யுங்குக்கும் ஓர் இடம் உண்டு. தம் மறைவுக்குச் சில மாதங்கள் முன்பு, 1961 ஜனவரியில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில், குடியின் மேல் உள்ள வேட்கை முழுமைக்கான ஆன்மிகத் தாகத்தின் தாழ்ந்த வடிவம் என்ற பொருளில் யுங் எழுதினார்.

இந்தப் பார்வையில் திருப்புகழின் பிற்பகுதி புதிய பொருள் பெறுகிறது. முற்பகுதியில் பெண்ணுடல் மேல் சென்ற வேட்கை பிற்பகுதியில் அணைக்கப்படவில்லை. அதே சந்தம், அதே அழகுணர்ச்சி, வள்ளியைத் தழுவும் முருகன் மேல் திரும்புகிறது. பாடலில் காதல் ஒழியவில்லை, அதன் இருப்பிடம் மாறுகிறது. தணிகை என்ற பெயரிலும் இந்தப் பொருள் இருக்கிறது. புராணத்தில் முருகனின் சினம் அழியவில்லை, தணிந்தது. தணிந்த ஒன்று மீண்டும் மூளக்கூடும். ஆகவே அதைத் தொடர்ந்து பேண வேண்டும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் இருபது ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவரும் தம்மைக் குடிநோயாளர் என்றே நிகழ்காலத்தில் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது என்பதே அங்கு அளவுகோல். திருப்புகழின் திரும்பத் திரும்ப வரும் முறையீட்டை இதனோடு ஒப்பிடலாம். அருணகிரிநாதரை ஒரே கணத்தில் திருந்தியவராகக் காண்பதைவிட, ஒவ்வொரு ஊரிலும் தம்மைப் புதிதாக ஒப்படைத்தவராகக் காண்பதே பாடல்களுக்கு நெருக்கமான வாசிப்பு.

மாலையும் அதன் பின்னும்

தமிழகத்தில் குடியை நிறுத்த விரும்பும் பலர் முதலில் நாடுவது மருத்துவரை அல்ல, மாலையை. விரத நாட்களில் குடிப்பதில்லை. சாமி என்று பிறர் அழைக்கும் மரியாதை, உடனிருக்கும் குழு, அன்றாட ஒழுங்கு ஆகியவை அவரைத் தாங்குகின்றன. மாலையைக் கழற்றிய அன்றே மீண்டும் குடிப்பவர்களையும் நாம் அறிவோம். வீட்டில் அதைப் பக்திக் குறைவாகவும் துரோகமாகவும் பேசுகிறார்கள். சாமியே கைவிட்டுவிட்டது என்று அவரே நம்பத் தொடங்குகிறார்.

ஒரே கணத்தில் மீட்சி என்ற கதை தீங்காவது இங்கேதான். விரதம் பொய்யல்ல. அது வெளியிலிருந்து தந்த தாங்குதல் உள்ளே உருவாகும் முன்பே முடிந்துவிட்டது, அவ்வளவே. மீள்வீழ்ச்சி, சிகிச்சையில் எதிர்பார்க்கப்படும் ஒன்று. எந்த நேரத்தில், எந்த உணர்வின்போது, யாரோடு இருக்கையில் கை மீண்டும் நீண்டது என்று கேட்பதில்தான் உளச்சிகிச்சையின் பெரும்பகுதி நடக்கிறது.

அக்காளின் இடம்

கதையிலும் பாடல்களிலும் ஒரு குறை உண்டு. பாடல்களின் முற்பகுதி பெண்ணையே வலையாகவும் நஞ்சாகவும் காட்டுகிறது. இதை ஆழ்மன உளவியல் புறத்தேற்றம் என்னும். தன்னுள் இருக்கும் வேட்கையின் பொறுப்பை அது சென்று பற்றிய பொருளின் மேல் ஏற்றுவது அது. என்னைக் கெடுத்தது குடி, என்னைக் கெடுத்தவன் நண்பன் என்று சொல்லும் குடிநோயாளரின் பேச்சும் இதுவே. இந்த இடத்தில் திருப்புகழை வழிகாட்டியாகக் கொள்ள முடியாது.

கதையிலோ, அனைத்தையும் இழந்தவள் அக்காள். பொருளை இழந்தாள், இறுதியில் தன் மானத்தையே பணயம் வைத்து ஒரு சொல் சொன்னாள். தம்பி குதித்தபின் அவள் என்ன ஆனாள் என்பதில் கதைக்கு அக்கறை இல்லை. அடிமைநிலை ஒரு குடும்ப நோய் என்பதை நாம் இன்று அறிவோம். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கு நோயாளருக்கு மட்டுமன்றி அவருடைய குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை அளிக்கப்பட்டது. திருத்தணியை அடுத்த ஆந்திரத்தில், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்ட கிராமத்துப் பெண்கள் 1992-இல் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டனர். அந்தப் போராட்டம் மாநிலமெங்கும் பரவி, 1993-இல் சாராயத் தடைக்கும் 1995-இல் முழு மதுவிலக்குக்கும் வழிவகுத்தது. முழு விலக்கு 1997-இல் தளர்த்தப்பட்டாலும், கதை கேட்காத அக்காளின் குரல் அன்று கேட்டது.

எல்லைகள்

ஆழ்மன உளவியலையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். காரணத்தை அறிவது விடுதலை ஆகிவிடாது. சிக்மண்ட் பிராய்டுக்கு 1923-இல் வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னும் அவரால் சுருட்டை விட முடியவில்லை. நனவிலியை ஆராய்ந்தவருக்கே அந்த நிலை. உடலின் பங்கையும் மறக்கலாகாது. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். மாலை போடும் முன் மருத்துவரைப் பார்ப்பது நம்பிக்கைக்கு எதிரானது அல்ல.

ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று திருத்தணியில் படித் திருவிழா நடக்கிறது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளுக்கும் பூசை செய்து, படிக்கொரு திருப்புகழ் பாடி அடியார்கள் மலையேறுகிறார்கள். மாநிலத்தின் மற்ற ஊர்களில் மதுக்கடைகள் நெரிசலாக இருக்கும் இரவு அது. ஒரே பாய்ச்சலில் உச்சிக்குச் செல்லும் கோபுரக் கதைக்கு மாறாக, இங்கு ஒரு படி, ஒரு பாடல், அதன்பின் அடுத்த படி. திருப்புகழின் அமைப்பும் சிகிச்சை அறையின் அனுபவமும் சொல்வது இதையே. மாலை போட்டு மீண்டும் குடித்துவிட்ட ஒருவரிடம் வீட்டார் சொல்ல வேண்டியதும், நீ தோற்றுவிட்டாய் என்பதல்ல, நாளைக்கு மறுபடி தொடங்கலாம் என்பதே.