பின் சீட்டிலிருந்து பார்த்தால்

பெரியப்பாவின் அம்பாசடர் வெள்ளை நிறம். 1990களின் மதுரையில் ஒரு வெள்ளை அம்பாசடர் உங்களைக் கடந்து போனால் அது அரசாங்க வண்டியாக இருக்கும், இல்லையென்றால் வாடகை வண்டி, ரெண்டும் இல்லையென்றால் கீழமாசி வீதி மொத்த வியாபாரி யாருடையதாவது. பெரியப்பா மூன்றாவது ரகம். மல்லி, மிளகாய், புளி. கடையிலும் வெள்ளைச் சட்டைதான், கல்யாணத்துக்கும் வெள்ளைச் சட்டைதான். அந்த வண்டியை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஏறி உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். மற்ற அம்பாசடர்களில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இதில் தரையில் இருந்தது. நாலு கியர் இல்லை, அஞ்சு. பின்னால் சின்னதாக '1800 ஐஎஸ்இசட்' என்று ஒட்டியிருந்ததை நாங்கள் கம்பெனிக்காரர்கள் ஒட்டும் ஏதோ நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஜப்பானின் இசுசூ எஞ்சினைக் குறிப்பது. பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறன் கொடுக்கும். இது 1.8 லிட்டர், 75 குதிரைத்திறன். உடம்பு மட்டும் அதே 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் உடம்பு.

ஒரு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். திருமங்கலம் தாண்டி, புளியமரங்களுக்கு நடுவே அது இன்னும் இருவழிச் சாலையாக இருந்த காலம். முன்னால் ஒரு புதிய மாருதி 1000. அன்றைக்கு அதுதான் அந்தஸ்து. ஆனால் உள்ளே 970 சிசி எஞ்சின், 46 குதிரைத்திறன். பெரியப்பா எதுவும் பேசவில்லை. கியரை ஒன்று இறக்கினார். வண்டி ஒரு உறுமல் உறுமிவிட்டு அவர்களைத் தாண்டிப் போனது. அந்தக் காரில் இருந்தவர்கள், பூசாரி தவிலை அடித்ததைப் பார்த்த மாதிரி, எங்கள் வண்டியைப் பார்த்தார்கள்.

"பாத்தியாடா அவய்ங்க மூஞ்சிய?" என்றார் பெரியப்பா. அவர் சிரித்து நான் பார்த்த சில சமயங்களில் அது ஒன்று.

இப்படிப்பட்ட கார்களுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லீப்பர்' என்று பெயர். தூங்குவது போல் இருப்பது. பிரிட்டனில் 'க்யூ கார்' என்பார்கள். முதல் உலகப்போரில் சாதாரணச் சரக்குக் கப்பல் போல வேஷம் போட்டு, உள்ளே பீரங்கியை மறைத்துவைத்து, ஜெர்மன் நீர்மூழ்கிகளை அருகில் வரவிட்டுச் சுட்ட 'க்யூ கப்பல்'களிலிருந்து வந்த பெயர். நம்மிடம் தனிச் சொல் இல்லை, பழமொழி இருக்கிறது: புலி பதுங்குவது பாய்வதற்குத்தான்.

உலகம் முழுக்க இந்த ரசனைக்கு ஒரு மரபு உண்டு. மெர்சிடிஸில் எரிக் வாக்ஸன்பெர்கர் என்ற பொறியாளர், பெரிய லிமோசினுக்கான 6.3 லிட்டர் வி8 எஞ்சினை அமைதியான ஒரு செடானுக்குள் பொருத்திப் பார்த்தார். 1968ல் அது 300 எஸ்இஎல் 6.3 என்று விற்பனைக்கு வந்தது. அப்புறம் பிஎம்டபிள்யூ எம்5, வோல்வோவின் டர்போ வண்டிகள். பின்னால் இருக்கும் மாடல் எழுத்துகளே வேண்டாம், எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று கேட்டு வாங்குகிறவர்கள் ஜெர்மனியில் உண்டு. நம் ஊரிலோ இரு சக்கர வண்டியில்கூட 'பிரஸ்', 'அட்வகேட்' என்று ஒட்டாவிட்டால் தூக்கம் வராது.

இந்த இடத்தில்தான் மதுரை முக்கியமாகிறது. காட்டிக்கொள்வதில் வெட்கமே இல்லாத ஊர் இது. காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ், செத்தால் அதற்கும் ஃப்ளெக்ஸ். கப்பலூர் டோல்கேட்டில் வரிசையில் நின்று பாருங்கள். கட்சிக்கொடி கட்டிய வெள்ளை எஸ்யூவிகள் ஹாரன் அடிப்பதில் ஒரு தோரணை இருக்கும். 'ஆள் பாதி ஆடை பாதி' என்பது இங்கே வாகனத்துக்கும் பொருந்தும். இதற்கு நடுவே வெளியே எதுவும் சொல்லாமல் உள்ளே எல்லாம் வைத்திருக்கும் ஒரு வண்டி மேல் பிரியம் வருவது இயல்பு. நான் சத்தம் போட மாட்டேன், வேண்டிய நேரத்தில் காட்டுவேன் என்று அது சொல்வதாக நமக்குத் தோன்றுகிறது.

நம் கார் சரித்திரத்திலும் இந்தப் பிரியத்துக்குக் காரணம் இருக்கிறது. மூடிக் கிடந்த சந்தையில் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் நேர் எதிரானது. 1985ல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரை இறக்கியது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 உடையது. 1977ன் ஐரோப்பிய ஆண்டின் கார் என்ற பட்டம் வாங்கிய அழகி. அங்கே அது 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு பிறந்தது. இங்கே அந்த அழகான மூக்குக்குப் பின்னால் வைத்தது பழைய வேன்கார்டு காலத்து 1991 சிசி எஞ்சின். சில வருடங்களிலேயே கதை முடிந்தது.

காண்டசாவின் கதை இன்னும் சுவாரசியம். பிரிட்டனின் வாக்ஸால் விஎக்ஸ் வரிசையின் உடம்பை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி வந்து, 1984ல் அதற்குள் அம்பாசடரின் எஞ்சினையே வைத்துக் கொடுத்தது. கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஏற்ற உடம்பு, மூச்சு மட்டும் கிழவரின் மூச்சு. பிறகுதான் இசுசூ 1.8 வந்தது. இதே விஎக்ஸ் வரிசைக்குப் பதிலாக அங்கே வாக்ஸால் கொண்டுவந்த கார் கார்ல்டன். அதன் அடுத்த தலைமுறையை லோட்டஸ் கம்பெனி எடுத்து, 1990ல் இரட்டை டர்போ, 377 குதிரைத்திறன் என்று மாற்றிவிட்டது. நாலு கதவு, அஞ்சு பேர் உட்காரலாம், மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் போகும். திருடர்கள் அதில் ஒன்றைத் திருடிக் கொள்ளைக்குப் பயன்படுத்தியபோது பிரிட்டன் போலீஸால் பிடிக்க முடியவில்லை. ஒரே வீட்டு ரெண்டு கிளைகள். அங்கே ஒன்று அடக்கமான உடம்புக்குள் அரக்கனை வைத்திருந்தது. இங்கே ஒன்று ராஜா வேஷத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆக, உருவம் பெரிதாகவும் உள்ளே ஒன்றும் இல்லாமலும் பார்த்துப் பார்த்துச் சலித்த தலைமுறைக்கு 1800 ஐஎஸ்இசட் ஒரு சின்னப் பழிவாங்கல். அதற்குப் பிறகும் அந்த வரிசை அறுந்துபோகவில்லை. 2004ல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 150 குதிரைத்திறன். 2010ல் ஃபியட் லினியா டி-ஜெட். இன்றைக்கு ஸ்லாவியா, வெர்ட்டஸ். 1.5 லிட்டர்தான், ஆனால் 150 குதிரைத்திறன். வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக் கொண்டு சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் வேலை. பெரியப்பாவின் எஞ்சினைவிடச் சின்னது, சக்தி சரியாக ரெண்டு மடங்கு.

சினிமாவில் இந்த ரசனை நமக்கு எப்போதோ பழகிவிட்டது. 'பாட்ஷா' (1995) என்ன? மாணிக்கம் ஓட்டுவது ஆட்டோ. தங்கைகளைக் கரையேற்றுகிற அண்ணன். தம்பிக்குப் பதிலாகக் கம்பத்தில் கட்டுப்பட்டு அடி வாங்குகிறான். உள்ளே பம்பாய் இருக்கிறது. 2023ல் 'ஜெயிலர்' வந்தபோது பேரனோடு விளையாடும் ரிட்டயர்டு தாத்தா. அதே வருடம் 'லியோ'வில் காபிக்கடைக்காரர். முப்பது வருடமாக நாம் கைதட்டுவது ஒரே வண்டிக்குத்தான்.

ஆனால் இந்தப் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அவற்றில் அடக்கம் என்பது குணம் இல்லை, காத்திருப்பு. மாணிக்கம் கடைசிவரை மாணிக்கமாகவே இருந்திருந்தால் யாரும் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டோம். அடி வாங்கும் காட்சியை நாம் பொறுத்துக்கொள்வதே பின்னால் வரப்போவது தெரியும் என்பதால்தான். ஸ்லீப்பர் கார் பிரியர்கள் "நாங்கள் பகட்டை விரும்பாதவர்கள்" என்று சொல்வதை நான் இதனால்தான் முழுசாக நம்புவதில்லை. பகட்டுக்காரன் தெருவில் இருக்கும் எல்லாரிடமும் காட்டுகிறான். இவன் ஓவர்டேக் ஆன ஒருவனிடம் மட்டும் காட்டுகிறான். ஆள் எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். மாருதி 1000ல் இருந்தவர்களின் முகம் இல்லையென்றால் பெரியப்பாவின் 75 குதிரைகளுக்கு என்ன அர்த்தம்?

இந்த இடத்தில் சிலர் வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். பெரிய தேரையும் அதன் அச்சாணியையும் வைத்து உருவத்தை எடைபோடாதே என்ற 667ஆம் குறள். மதுரைக்காரனுக்கு அதைப் படித்ததும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் அசைந்து வருவது கண்ணில் தெரியும். ஆனால் அந்தத் தேரை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். அச்சாணியை யாரும் பார்ப்பதில்லை. தேர் ஓடி முடித்த பிறகும் பார்ப்பதில்லை. அதற்கு இடைவேளைக் காட்சி கிடையாது. தன்மேல் இருப்பவர்களைச் சாய்க்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றே அதன் வேலை. மறைந்திருப்பதில் ரெண்டு வகை உண்டு: அச்சாணி மறைந்திருப்பது, பீரங்கி மறைந்திருப்பது. ஸ்லீப்பர் கார் நமக்கு முதலாவதைப் போலக் காட்டி ரெண்டாவதைக் கொடுக்கிறது.

சரி, பீரங்கியை மறைக்கச் சரக்குக் கப்பல் வேண்டும். குடும்பக் காரில் அந்தச் சரக்கு எது?

பெரியப்பா போன பிறகு, ஒரு நாள் பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பாசடர் முன்னால் எல்லாரும் நிற்கும் படம். நான் அந்த இருக்கன்குடிப் பயணத்தைச் சொல்லிச் சிரித்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை.

"அந்தக் கார்ல நான் ஒரு நாள்கூட வெளிய வேடிக்கை பாத்தது இல்லடா. கண்ண மூடிக்கிட்டு, மடியில ஒங்கள்ல எவனாச்சும் ஒருத்தன இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆத்தா ஆத்தான்னுட்டே வருவேன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். எங்கள ஏத்திருக்கோம்னு தெரியாது."

"சொல்லிருக்கலாம்ல பெரியம்மா?"

"சொன்னா? 'குடும்பத்துக்குன்னுதானடி வாங்குனேன்'பாரு."

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. குடும்பம்தான் வேஷம். பின் சீட்டு, தூக்குச்சட்டியில் புளியோதரை, தலையில் பூ வைத்த பெரியம்மா, ஜன்னலில் மூக்கை வைத்த நாங்கள், இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வண்டியின் சாதாரணத் தோற்றம். மாருதிக்காரர்களை ஏமாற்றியது வெள்ளை பெயின்ட் மட்டும் இல்லை, நாங்களும்தான். பின் சீட்டில் பெல்ட் கிடையாது. வேகம் ரெண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நாலு மடங்காகும் என்ற கணக்கு அந்த மோரிஸ் உடம்புக்குத் தெரியாவிட்டாலும் பெரியம்மாவின் கைக்குத் தெரிந்திருக்கிறது. மாணிக்கத்தின் தங்கைகளிடம் யாராவது கேட்டார்களா, உங்கள் அண்ணனுக்கு இப்படி ஒரு இன்னொரு பெயர் இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று?

இதைச் சொல்லிவிட்டுப் பெரியப்பாவை வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மைலேஜ் எவ்வளவு என்பதுதான் கார் வாங்கும் வீட்டில் இன்றைக்கும் முதல் கேள்வி. நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் என்று வரியே சின்ன எஞ்சினுக்குச் சலுகை கொடுக்கிற நாடு. இங்கே ஒரு குடும்பஸ்தன் தனக்கென்று சக்தியை விரும்புவது ஊதாரித்தனம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் ஊர் சிரிக்கும். விடிகாலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு மூடுகிற மனிதன், தன் ஆசையைக் குடும்பத்துக்குள்தான் மறைத்துவைக்க முடியும். வேறு இடம் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்த ஒரு சிரிப்பு அவருக்குச் சொந்தம். அதற்கான விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டியவர் வேறு ஒருவர் என்பதையும் சேர்த்தே அந்தச் சிரிப்பை நினைக்க வேண்டியிருக்கிறது.

சக்திக்கு நியாயமான ஒரு உபயோகமும் உண்டு. இருவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது எதிர்த்தடத்தில் நிற்கும் நேரம் குறையும். மலையேறும்போது எஞ்சின் திணறாது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி என்றால் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இது அச்சாணியின் சக்தி. பயணிக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் வெற்றி. சிக்கல் என்னவென்றால் ரெண்டும் ஒரே எஞ்சினில்தான் இருக்கின்றன, வலது பாதம்தான் வேறு.

இப்போது என்னிடமும் ஒரு டர்போ செடான் இருக்கிறது, சாம்பல் நிறம். "ஃபேமிலிக்குத்தான்" என்று சொல்லித்தான் வாங்கினேன். நத்தம் ரோட்டின் 7 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தில் தனியாகப் போகும் இரவுகளில் என் கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால் பெரியப்பாவின் மேல் ஏறி நின்று தீர்ப்பு சொல்லும் இடத்தில் நான் இல்லை.

போன மாதம் பெரியம்மாவை மேலூருக்கு ஒரு விசேஷத்துக்குக் கூட்டிப்போனேன். பின் கதவைத் திறந்தவரை முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். ஒத்தக்கடை வந்ததும் கேட்டார்.

"இதுவும் வேகமாப் போற வண்டியாடா?"

"போகும் பெரியம்மா."

அவர் என் காலைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி யானைமலையைப் பார்க்க ஆரம்பித்தார். பின்னால் வந்த ஒரு வெள்ளை எஸ்யூவி ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனது. என் பாதத்தில் ஒரு அரிப்பு வந்தது, மறைக்கவில்லை. மலை முடியும்வரை அறுபதிலேயே போனேன்.