யானைத்தீயும் கூத்துக்களரியும்

உணவை மறுத்து உடல் மெலியும் நிலையை மேனாட்டு மருத்துவர் தனியொரு நோயாக வகுத்தது 1873-ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டில் அதனை ஆராய்ந்த இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், எலும்புந் தோலுமாய் நலிந்த நோயாளி ஓய்வின்றி நடமாடியதைக் கண்டு வியந்தார். மிகையுண்டு பின் அதனை வெளியேற்றும் நோய்க்கு ஜெரால்ட் ரஸல் பெயரிட்டது 1979-இல். இந்நோய்களைக் கலைவழி மக்களுக்கு உணர்த்தல் கூடுமோ என்னும் வினாவை, நம் மட்டக்களப்புக் கூத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

மணிமேகலையில், உலக அறவி புக்க காதையில், காயசண்டிகை என்னும் விஞ்சை மகள் தன் நோயைத் தானே உரைக்கின்றாள். பன்னீராண்டுக்கு ஒரு முறை கனியும் நாவற்கனியை அறியாது மிதித்தமையால், விருச்சிக முனிவன் சபித்தான். எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ அவளைப் பற்றியது. வானிற் பறக்கும் மந்திரமும் மறந்து போயிற்று. அவளது நோயும் இக்கால நோய்களும் ஒன்றே எனல் பொருந்தாது. எனினும், உண்ணுதல் ஒருத்தியின் விருப்பத்துக்கு அடங்காது போகும் துயரைப் புலவர் அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. அவளைப் பெருந்தீனிக்காரியென்று நகையாடாமல், அவள் வாய்மொழியாகவே கதையை நடத்தியது சாத்தனாரின் பெருந்தகைமை.

ஆயின் குறையும் உண்டு. நோய் ஈண்டுப் பிழைக்குரிய தண்டனையாகின்றது. அமுதசுரபியின் ஒரு பிடி சோற்றால் அது தீர்ந்தும் விடுகின்றது. இவ்விரண்டையும் மாற்றாது இன்று மேடையேற்றினால் தீங்கே விளையும். நோயுற்ற பெண்ணின் தாய், தன் மகள் என்ன பாவம் செய்தாளோ என ஏங்குவாள். ‘ஒரு கவளம் உண்டால் என்ன?’ என்று சுற்றத்தார் வற்புறுத்துவர். மருத்துவரும் உளநல வல்லாரும் நெடுநாள் துணைநிற்க வேண்டிய நோய் இது. கந்தசஷ்டி, கேதாரகௌரி நோன்புகளின் போர்வையில் உணவு மறுப்பு மறைந்துகொள்ளவும் கூடும். பக்தியைப் பழியாமல் இதனைச் சொல்லுதல் எளிதன்று.

மெலிந்த உடலைக் காட்சிப்பொருளாக்குதல் மற்றோர் இடர். பார்ப்போருள் நோய்க்கு ஆட்பட்டவர் அதனையே இலக்காகக் கொள்வர். அமெரிக்கப் பாடகி கரன் கார்ப்பெண்டர் 1983-இல், முப்பத்திரண்டாம் அகவையில், இந்நோயால் இறந்தார். அவர் வரலாற்றை டாட் ஹேன்ஸ் 1987-இல் பொம்மைகளைக் கொண்டு படமாக்கினார். பொம்மையின் முகத்தையும் கையையும் செதுக்கிக் குறைத்தே நலிவைக் காட்டினார். பாடல்களுக்கு உரிமை பெறாமையால் அப்படம் வழக்கிற் சிக்கிப் பொதுக்காட்சியினின்று நீங்கியது. ஆயினும் அவ்வுத்தி சிந்திக்கத்தக்கது: மனித உடலைக் காட்டாமலே உடலின் அழிவு உணர்த்தப்பட்டது.

கூத்தும் அத்தகையதே. அது உடலை உள்ளவாறு காட்டுவதன்று. வேடத்தாலும் தருவாலும் ஆட்டத்தாலும் உணர்த்துவது. பெண்பாத்திரத்தையும் ஆடவரே ஆடிவந்த மரபுடையது. அகப்போராட்டத்தைத் தாளக்கட்டிலே காட்டலாம் என்பதற்குப் பேராசிரியர் வித்தியானந்தனின் ‘இராவணேசன்’ சான்றாகும். 1964-இல் பேராதனையில் மேடையேறிய அதில் இராவணனாக ஆடியவர் நம் மட்டக்களப்பு மௌனகுரு. ஓய்வறியாது உடலை வருத்தும் பயிற்சியாளனைக் காட்டவும் வடமோடியினும் ஏற்ற கருவி வேறில்லை என்பேன். மத்தளம் ஓய்ந்த பின்னரும் அவன் கால்கள் ஓயாது ஆடுமாயின், அண்ணாவியார் ஒரு சொல்லும் உரைக்க வேண்டியதில்லை.

இனி, கதையை எங்கு முடிப்பது? பசி தீர்ந்த காயசண்டிகை வான்வழி மீளும்போது விந்தமலையில் விந்தாகடிகையால் விழுங்கப்படுகின்றாள். அது காப்பியத்துக்கு இன்றியமையாததாகலாம். நோயினின்று மீள்வோர் அமர்ந்து காணும் களரிக்கு ஆகாது. கணவன் காஞ்சனன் ஆண்டுதோறும் இந்திரவிழா நாளிற் புகாருக்கு வந்து அவளைக் கண்டு சென்றானென்பது நூலிலேயே உள்ளது. அவ்வருகைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டமாக்கலாம். அவற்றின் இறுதியில், பசி தணிந்தவள் எழுந்து வைக்கும் முதலடி தளர்நடையாகவே இருக்கட்டும். மத்தளமும் அங்கே விரைதல் வேண்டா.