நிலத்துக்கும் ஓய்வுநாள்

மதுரையில் காளவாசலுக்கு அடுத்த அரசரடியில் 1969 முதல் இயங்கிவருகிறது தமிழ்நாடு இறையியல் கல்லூரி. பல சபைகளின் போதகர்கள் திருமறை கற்கும் இதே ஊரின் நடுவில்தான் கிருதுமால் நதி சாக்கடையாகிக் கிடக்கிறது. படைப்பைப் பற்றி மதுரையில் பேசும் எவரும் இந்த நதியைத் தாண்டிப் போக முடியாது.

பூமியை ஆண்டுகொள்ளச் சொன்ன ஆதியாகமமே இயற்கைச் சீரழிவுக்கு வேர் என்று 1967-இல் ‘சயின்ஸ்’ இதழில் வரலாற்றாசிரியர் லின் ஒயிட் குற்றஞ்சாட்டினார். அதற்குப் பலரும் சொன்ன மறுமொழி உக்கிராணத்துவம். தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கவே ஆதாம் வைக்கப்பட்டான். மனிதன் உடைமைக்காரன் அல்ல, கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரன் என்பது இதன் சாரம். நல்ல போதனைதான். ஆனாலும் இதில் மனிதன் மேலாளராகவே நிற்கிறான்.

யோபுவின் கடைசி அதிகாரங்களையும் 104-ஆம் சங்கீதத்தையும் பிடித்துக்கொண்டவர்கள் அவனைக் கீழே இறக்கினார்கள். காட்டுக்கழுதையும் சிங்கக்குட்டியும் நம் தயவின்றியே கடவுளிடம் இரை பெறுகின்றன. அசிசியின் பிரான்சிஸ் வாழ்ந்து காட்டியதும், 2015-இல் போப் பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் விரித்துரைத்ததும் மற்ற உயிர்களோடு நமக்குள்ள இந்த உறவைத்தான்.

என் மனம் ஒட்டுவது மூன்றாவது வழியோடு. நீரும் நிலமும் கெடும்போது முதலில் அடிபடுபவர் யார் என்று அது கேட்கிறது. 2011-இல் கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக இடிந்தகரை மீனவர்கள் கூடியது லூர்து மாதா ஆலயத்தின் முன்தான். அரசரடிக் கல்லூரியில் பணியாற்றிய பறட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு, கிராமிய இசையில் வழிபாட்டை அமைத்து, எல்லாரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதையே நற்கருணையின் பொருளாகக் கண்டார். சாதி பிரித்துவைத்த குளத்தையும் கிணற்றையும் பேசாத இயற்கை நேசம் இங்கே அரைகுறையானது.

இந்த மூன்றையும் உரசிப் பார்க்கும் கல் லேவியராகமம் 25. நிலம் கடவுளுடையது; நாம் அதில் குடியிருக்கும் பரதேசிகள்; ஏழாம் ஆண்டில் அதற்கு ஓய்வு வேண்டும். அந்த ஆண்டு தானாய் விளைவது முதலில் ஏழைகளுக்கு, அவர்கள் விட்டது காட்டு விலங்குகளுக்கு என்கிறது யாத்திராகமம் 23. இந்தச் சட்டம் நிலமுள்ளவரைக் கட்டுப்படுத்துகிறது. நம் சபைகளும் நிலமுள்ளவைதான். சுற்றுச்சூழல் ஞாயிறன்று ஒரு கன்று நட்டுவிட்டு, ஆலய வளாகம் முழுக்க சிமெண்ட் கல் பாவி மழைநீரைத் தெருவுக்கு விரட்டுவது தகாது. அந்தக் கற்களைப் பெயர்ப்பதும், வளாகக் கிணற்றைத் தூர்வாருவதும், சபை நிலங்களின் கணக்கைச் சபையார் முன் வைப்பதும் இந்த ஆண்டுக் கமிட்டிக்கே உரிய வேலைகள்.