ஏழு கோலுக்கு ஒரு ஆள்

இரண்டு பக்கமும் சமபலம் இருக்கிறவரை ஒரு ஆட்டம் நாடகம். ஒரு பக்கம் சரிந்துவிட்டால் அது செய்தி மட்டுமே. செய்தியை எதிரில் வைத்துக்கொண்டு யாரும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட ஆட்டத்தில் ரசிகன் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறு ஏதோ செய்யத் தொடங்குகிறான். அது ஒரு படைப்புக் காரியம், பெரும்பாலும் மட்டமான படைப்புக் காரியம் என்பது என் கட்சி. இலக்கியப் பத்திரிகையில் விளையாட்டைப் பற்றி எழுத எனக்கிருக்கும் நியாயம் இவ்வளவுதான்.

தோற்றால் வெளியே என்கிற கட்டத்தில் இந்தச் சரிவு நேரும்போது நிலைமை இன்னும் மோசம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானமும் கிடையாது. நம்முடைய தினசரிகளின் விளையாட்டுப் பக்கத்தில் இதற்கென்று ஒரு பாஷையே உண்டு. தோற்றவன் சுருண்டான், மண்ணைக் கவ்வினான். ஜெயித்தவன் துவம்சம் செய்தான், பந்தாடினான். பரணியின் வினைச்சொற்கள், பரணியின் கவித்துவத்தைக் கழித்துக்கொண்டு. கலிங்கத்துப்பரணியில் கருணாகரத் தொண்டைமானின் படையிடம் தோற்றவர்கள் தப்பியோடும் பகுதியை வாசகர் அறிவார். ஒருவன் தலையை மழித்துக்கொண்டு சமணனாகிறான். இன்னொருவன் வில்நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு பிராமணனாகிறான். ஜெயங்கொண்டார் சிரிக்கிறார், நமக்கும் சிரிப்பு வருகிறது. இன்று தோற்ற அணித்தலைவனின் படத்தை வெட்டி ஒட்டிக் கைபேசியில் சுற்றுக்கு விடுகிறவன் அந்தச் சிரிப்பின் நசிந்துபோன வாரிசு. ஒரு வித்தியாசம்தான். பரணி எதிரியைப் பார்த்துச் சிரித்தது. இவன் நேற்று மாலைவரை தன்னுடையவன் என்று கொண்டாடியவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் மிச்சம் இருக்கும் கசப்பு வேறு வழி தேடுகிறது. அது ஒரு ஆளைத் தேடுகிறது.

இதற்கு நம்மிடம் உள்ள சுத்தமான உதாரணம் 1982 டிசம்பர் 1 அன்று தில்லியில் நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆண்கள் ஹாக்கி இறுதியாட்டம், எதிரில் பாகிஸ்தான். வண்ணத் தொலைக்காட்சி இந்தியாவுக்கு வந்ததே அந்தப் போட்டியை ஒட்டித்தான். முதல் கோலை இந்தியா போட்டது. பிறகு பாகிஸ்தான் ஏழு போட்டது.

காரணங்கள் ஸ்தூலமானவை, யாரும் எண்ணிப் பார்க்கக் கூடியவை. அதே ஆண்டு ஜனவரியில் பம்பாயில் உலகக் கோப்பையை வென்ற அணி பாகிஸ்தான். 1976இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் ஹாக்கி புல்தரையை விட்டுச் செயற்கைத் தரைக்குப் போனபோதே இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியாகிவிட்டது. 1980இல் தமிழ்நாட்டுக்காரர் வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் மாஸ்கோவில் கிடைத்த தங்கம் உண்மையானதுதான். ஆனால் பாகிஸ்தான் உள்படப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்திருந்தன. தில்லியிலோ, விழுந்த கோல்களை ஈடுகட்ட எல்லோரும் முன்னால் ஏறப் பின்னால் காவல் கலைந்துபோனது. ஏழு கோல் என்பது ஒரு தனிமனிதன் செய்யக்கூடிய காரியமல்ல. அதற்கு ஒரு அமைப்பு முழுவதும் பழுதடைந்திருக்க வேண்டும்.

ரசிகனுக்கு அமைப்பு தெரிவதில்லை, முகம் வேண்டும். ஏழு முறையும் திரையில் தெரிந்த முகம் கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகியுடையது. பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. ஆதாரம் என்று ஒன்றும் வந்ததில்லை. பேச்சு மட்டும் அவரை வருஷக்கணக்கில் விரட்டியது. அதே தில்லிப் போட்டியில் இந்தியப் பெண்கள் ஹாக்கியில் தங்கம் வென்றார்கள். அதைப் பற்றி ஒரு வதந்திகூடக் கிடையாது. நினைவில் வைத்திருப்பவர்களே சொற்பம்.

2007இல் வந்த "சக் தே இந்தியா" நேகியின் கதைதான் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அப்படியானால் அந்தப் படம் நிஜத்தில் செய்த திருத்தங்களைப் பார்க்க வேண்டும். முதல் திருத்தம் எல்லோரும் கவனித்தது. தோற்றவன் கபீர் கான், ஒரு முஸ்லிம். இரண்டாவது திருத்தத்தை யாரும் பேசி நான் கேட்டதில்லை. படத்தில் இந்தியா தோற்பது 7-1 என்று அல்ல. ஒரு கோல் பின்தங்கி இருக்கும்போது கடைசி நேரத்தில் கிடைக்கிற பெனால்டி ஸ்ட்ரோக்கைக் கபீர் கான் வெளியே அடிக்கிறான். ஏழு கோல் ஒரு கோலாகிவிட்டது. கோல்கீப்பர், அணித்தலைவனாகவும் முன்வரிசை ஆட்டக்காரனாகவும் ஆகிவிட்டான்.

இந்த இரண்டாவது திருத்தத்தில் ஜனரஞ்சகக் கதைசொல்லலின் மொத்த ரகசியமும் இருக்கிறது. ஏழு கோலுக்குக் கதை கிடையாது. ஒரு கோலுக்கு உண்டு. ஒரு கணம், ஒரு கால், ஒரு பந்து, ஒரு துரோகி. நூலிழைத் தோல்வியில்தான் ஒரு ஆளின்மேல் பழியைப் போடுவது தர்க்கரீதியாகவாவது சாத்தியம். எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நிஜ ஜனங்கள் ஏழு கோலையும் ஒரே ஆளின்மேல் ஏற்றினார்கள் என்பதை அப்படியே காட்டியிருந்தால் பழி எவ்வளவு அபத்தம் என்பது முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துபோயிருக்கும். பார்வையாளன் தன்னையே பார்த்துக் கூசியிருப்பான். படம் அவனைக் காப்பாற்றிவிடுகிறது.

முதல் திருத்தத்தின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆள் வேண்டும் என்று கூட்டம் கேட்கும்போது எந்தப் பெயர் கைக்குச் சுலபமாக வருகிறது என்பதை அது சொல்லிவிட்டது. வீட்டுச் சுவரில் துரோகி என்று எழுதப்படுகிற காட்சி பொய்யல்ல. ஆனால் அந்த அவமானத்துக்குப் படம் கொடுக்கிற மருந்து ஒரு உலகக் கோப்பை. ஜெயித்துக் காட்டினால்தான் நிரபராதி என்றால் குற்றச்சாட்டு நியாயமானதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிறது. நேகியின் நிஜ வாழ்க்கையையும் நாம் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். 2002இல் மான்செஸ்டரில் தங்கம் வென்ற பெண்கள் அணிக்குக் கோல்கீப்பிங் பயிற்சி கொடுத்தார், கறை நீங்கியது என்று. 2002இல் அந்தப் பெண்கள் தோற்றிருந்தால் 1982இல் அவர் பணம் வாங்கியதாக ஆகிவிடுமா?

வெளியே ஒரு உதாரணத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். 1950 ஜூலை 16 அன்று ரியோவில் உலகக் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டத்தில் பிரேசில் 2-1 என்று உருகுவேயிடம் தோற்றது. நூலிழைத் தோல்வி. கறுப்பரான கோல்கீப்பர் பார்போசா 2000இல் இறக்கும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசாண்டேயில் நடந்த அரையிறுதியில் அதே பிரேசில் 7-1 என்று ஜெர்மனியிடம் தோற்றது. ஆறு நிமிஷத்துக்குள் நாலு கோல்கள். மைதானத்தில் ஃப்ரெட் என்ற முன்வரிசை ஆட்டக்காரரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள், உண்மைதான். ஆனால் அது நிலைக்கவில்லை. பதிலாக அந்த ஸ்கோர் பேச்சுவழக்கில் ஏறிவிட்டது. வாழ்க்கையில் எது தவறிப்போனாலும் பிரேசில்காரன் "ஜெர்மனியின் கோல்" என்கிறான். ஒவ்வொரு நாளும் ஒரு புது 7-1 என்று சலித்துக்கொள்கிறான். ஒரு சமூகம் தன் பெருந்தோல்வியைப் பழமொழியாக்கிக்கொண்டது. பழமொழியில் குற்றவாளி கிடையாது. எல்லோரும் தோற்றவர்கள்.

தில்லியில் நாம் வாங்கியதும் அதே 7-1தான். அது நம் பேச்சில் பழமொழி ஆகவில்லை. ஒரு ஆளாயிற்று.

இது பழைய சங்கதி அல்ல. 2022 நவம்பர் 10, வியாழக்கிழமை. அடிலெய்டில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் அரையிறுதி. இந்தியா 168. இங்கிலாந்து விக்கெட் இழப்பின்றி 170, அதுவும் பதினாறே ஓவரில். பட்லர் 80, ஹேல்ஸ் 86. நாலு மணிக்குக் கவுண்டரை மூடிவிட்டு டீக்குப் போனபோது ஆம்பூரில் அந்தக் கடையின் பிஸ்கட் ஜாடிமேல் ஒரு கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஷூ கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர். யாரும் கத்தவில்லை. "மரியாதைக்காவது ஒருத்தன் அவுட் ஆவலாம்பா" என்றான் ஒரு பையன். அதுதான் அன்று நான் கேட்ட ஒரே நல்ல விமர்சனம்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொருவன் பொதுவாகக் கேட்டான்: "ஷமி எவ்ளோ குடுத்தான்?" கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகச் சொல்லமாட்டேன். கிளாஸைக் கழுவப் போட்டுக்கொண்டிருந்த நடுவயது கட்டிங் மாஸ்டர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மூணு ஓவர் முப்பத்தொம்போது. ஹர்திக் மூணு ஓவர் முப்பத்துநாலு. அஸ்வின் ரெண்டே ஓவர், இருவத்தேழு. புவனேஷ்வர் ரெண்டு, இருவத்தஞ்சு. அக்சர் நாலு, முப்பது. அர்ஷ்தீப் ரெண்டு, பதினஞ்சு. போதுமா தம்பி?"

"தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன் பாய்" என்றான் அவன்.

எல்லோரும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஏனென்று அங்கே எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபர் 24 அன்று, துபாயில் பாகிஸ்தான் விக்கெட் இழப்பின்றி 152 எடுத்து ஜெயித்தபோதும் பந்து போட்ட ஒருவருக்கும் விக்கெட் விழவில்லை. வசை மட்டும் முகமது ஷமியைத் தேடிப் போனது, அவர் மதத்தின் பெயரால். அணித்தலைவராக இருந்த கோலி பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டி வந்தது. பாகிஸ்தானின் பிரதமர் அடிலெய்டு தோல்விக்குப் பிறகு 152/0, 170/0 என்று இரண்டு எண்களை எழுதிக் கேலி செய்தார். அது எதிரியின் சிரிப்பு, பரணியின் நேர்வாரிசு. அதைத் தாங்கிக்கொள்ளலாம். கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவனின் கேள்வி அப்படியல்ல. நம் கூட்டத்தில் சிலருக்கு வெறுமனே தோற்கிற உரிமைகூட இல்லை. மற்றவன் துக்கப்படுகிற நேரத்தில் அவர்கள் சாட்சியம் தயார் செய்ய வேண்டியிருக்கிறது.

பாய் சொன்ன எண்களைக் கூட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி. சரியாக 170 வருகிறது. வங்கியில் நாள்முடிவில் கணக்கு உதைத்தால் தப்பாகப் போட்ட ஒரு எண்ணைத் தேடுவோம். கண்டுபிடித்தால் வீட்டுக்குப் போகலாம். ரசிகனும் அந்த ஒரு தப்பு எண்ணைத்தான் தேடுகிறான். ஆனால் பெருந்தோல்வியில் கணக்கு உதைப்பதே இல்லை. ஒவ்வொரு பதிவும் சரி, மொத்தமும் சரி. இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம். கதை பிறப்பது இந்தக் கஷ்டத்திலிருந்து தப்பிக்க.

நம் எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. பாலாறு பாழானதைப் பற்றி இந்தப் பக்கத்திலிருந்து எழுதப்படும் கதைகள் என் கைக்கு வருகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு முதலாளி உண்டு. மோதிரம் போட்டிருப்பார், இரவில் கழிவுநீரைத் திறந்துவிடச் சொல்வார். கடைசிப் பத்தியில் அவர் மாட்டிக்கொள்வார், அல்லது மாட்டிக்கொள்ளமாட்டார். ஆற்றின் சாவு ஏழு கோல் சமாசாரம். இவர்கள் அதை ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்காகக் குறுக்கிவிடுகிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தக் கதைகளைவிடப் பண்பட்ட உரைநடை. அது ஒரு ஆளைத் தேடவில்லை. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது, மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்றது, பாதிப்பை மதிப்பிட ஒரு ஆணையம் கேட்டது. பொறுப்பு என்பது வேறு, பலி என்பது வேறு. பொறுப்பைப் பலரிடம் பங்கிட்டு வசூலிக்க முடியும். பலிக்கு ஒரு ஆள்தான் வேண்டும், அவன் பெரும்பாலும் ஏற்கனவே ஓரத்தில் நிற்கிறவன்.

தோல்வியைச் சொல்ல நம் மரபில் வடிவம் இல்லாமலில்லை. பரணிக்கு வெகுகாலம் முன்பே புறத்திணையில் கையறுநிலை என்று ஒரு துறை இருக்கிறது. அது விசாரணை நடத்துவதில்லை. இருந்தது, இப்போது இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. கை செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்கிறது. அப்படிச் சும்மா நிற்பதற்கு ஒரு பண்பாடு வேண்டும். ரசிகனிடம் அதை எதிர்பார்ப்பது அதிகம் என்று யாராவது சொல்லலாம். அன்று டீக்கடையில் மரியாதைக்கு ஒரு விக்கெட் கேட்ட பையனிடம் அது இருந்தது. எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது அதற்குக் குறைந்ததாக இருக்க முடியாது.