பரிசு பெற்ற எழுத்தை எங்கே படிப்பது?

பத்திரிகை விருது விழா முடிந்த மறுநாள் நம் நாளேடுகளில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதிதியோடு வெற்றியாளர் நிற்கும் படம், விருதின் பெயர், இரண்டு வரி வாழ்த்து. எந்தக் கட்டுரைக்காக அவரை மேடைக்கு அழைத்தார்களோ, அது மட்டும் வராது.

இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் சங்கம் 1999இல் தொடங்கிய விருதுகள் இவை. பின்னர் இலங்கைப் பத்திரிகை ஸ்தாபனமும் சேர்ந்துகொண்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியிலும் கொடுக்கிறார்கள். அசாதாரண சூழலில் செய்தி சேகரித்தவருக்கான விருது பேராசிரியர் க. கைலாசபதியின் பெயரில் இருக்கிறது. முப்பது வயதைத் தொடுமுன்பே, 1959இல், தினகரன் ஆசிரியராகி, 1961இல் பல்கலைக்கழகம் போய்விட்டவர் அவர். விமர்சகராகவே அவரைத் தெரிந்த தலைமுறைக்கு இந்தப் பெயர் சற்று வியப்பாகக்கூட இருக்கும். விருதின் பெயர் நினைவில் நிற்கிறது. விருது பெற்ற செய்தி பழைய தாளோடு போய்விடுகிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். புளோரிடாவின் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் ரோய் பீற்றர் கிளார்க் 1979இல் ஒரு தொகுப்பைத் தொடங்கினார். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் பரிசு பெற்ற எழுத்துகளை ஆண்டுதோறும் புத்தகமாக்கினார்கள். ஒவ்வொரு எழுத்தோடும் எழுதியவரின் செவ்வியும் சேர்ந்து வந்தது. முதல் பத்தி எப்படி அமைந்தது, யார் பேச மறுத்தார்கள், எதை வெட்டினீர்கள் என்று துருவிக் கேட்டார்கள். பயில்பவனுக்கு அந்தச் செவ்விதான் பாடம். கட்டுரையை மட்டும் படித்தால் நடைதான் கண்ணில் படும், நடந்த நடை தெரியாது.

கொழும்பில் நடையை மட்டும் பார்க்கும் இந்த ஆபத்து அதிகம். ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து அந்தப் பத்திரிகையில் வெளிவந்த அவரது ஆசிரியர் தலையங்கம் உலகெங்கும் மறுபதிப்பானது. அந்த ஆண்டின் யுனெஸ்கோ கில்லர்மோ கானோ விருதும் அவருக்குக் கிடைத்தது. தன் மரணத்தைத் தானே அறிவித்து, ஜனாதிபதியை நேரே விளித்துப் பேசும் அந்த எழுத்தைப் படித்த எந்த மாணவனுக்கும் அதே தொனியில் எழுதக் கை துடிக்கும். எழுதிப் பார்த்தால் வெறும் முழக்கமாகத்தான் வரும். அந்தத் தொனியின் பின்னால் மிக் விமானக் கொள்வனவு போன்ற விவகாரங்களை ஆவணத்தோடு தோண்டியெடுத்த செய்திகள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. படிக்க வேண்டியவை அவைதான்.

பத்திரிகையாளர் ஜே. எஸ். திஸ்ஸநாயகத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2006இல் ‘நோர்த் ஈஸ்டர்ன் மன்த்லி’ சஞ்சிகையில் அவர் எழுதிய இரண்டு பத்திகள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாயின. கொழும்பு மேல் நீதிமன்றம் 2009 ஓகஸ்ட் 31இல் அவருக்கு 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. அதில் எழுத்தும் வெளியீடும் தொடர்பான இரண்டு குற்றச்சாட்டுகளுக்கு ஐந்தைந்து ஆண்டு. சஞ்சிகைக்குப் பணம் திரட்டியதற்குப் பத்து. அதே ஆண்டு பீற்றர் மக்லர் விருதும், பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் சர்வதேச விருதும் அவருக்கு வந்தன. 2010 மே மாதம் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அரச சட்டத்தரணி வரிவரியாக வாசித்த அளவுக்கு அந்தப் பத்திகளை நம் இதழியல் வகுப்புகள் வாசித்திருக்குமா என்பது என் சந்தேகம்.

லசந்தவுக்கும் திஸ்ஸநாயகத்துக்கும் கிடைத்த விருதுகள் துணிவுக்கானவை. துணிவை வகுப்பில் கற்பிக்க முடியாது. செய்தியைச் சரிபார்க்கக் கற்பிக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காத வாசிப்பு நல்ல அஞ்சலிக் கூட்டம் நடத்த உதவும்.

பரிசே இல்லாத காலத்து எழுத்தையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். 1921இல் கொழும்பிலிருந்து ‘தேசநேசன்’ நாளேட்டை நடத்தினார். இன்று புலனாய்வுச் செய்தி என்று பெரிதாகப் பெயர் சூட்டும் வேலையை அவர் தோளில் துணி மூட்டையோடு செய்தார்.

எந்த நடுவரும் பரிசு தராத பக்கம் ஒன்றும் உண்டு: மரண அறிவித்தல். “யாழ். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கும் அந்த ஆறேழு வரியில் ஊர், ஒழுங்கை, பிள்ளைகள் இருக்கும் நாடு, மருமக்களின் பெயர் எல்லாம் வந்துவிடும். வீட்டார் காசு கொடுத்துப் போடுவதால் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் விடியற்காலையிலேயே தொலைபேசி அலறும். முன்பக்கச் செய்திக்கு இந்தப் பயம் இருந்தால் நல்லது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் 2019 ஏப்ரல் 21க்குப் பிந்திய நாளேடுகளைக் கொடுத்து, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயக் குண்டுவெடிப்புச் செய்தியையும் அதே தாள்களின் மரண அறிவித்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். எண்ணிக்கை எங்கே நிற்கிறது, ஆள் எங்கே தெரிகிறார் என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள்.

பழைய தாள்களுக்குக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் உண்டு. இணையத்தில் நூலகம் திட்டம் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் செய்ததுபோல இங்கும் ஒரு தொகுப்புப் போட நினைத்தால் எழுத்துக்குப் பஞ்சமில்லை.

செவ்விதான் சிக்கல். 2000 தேர்தல் முறைகேடுகளை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய மயில்வாகனம் நிமலராஜன் அதே ஆண்டு ஒக்டோபர் 19இல் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். ‘தராக்கி’ என்ற பெயரில் எழுதிய சிவராம் 2005 ஏப்ரலில் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கிடந்தார். எப்படி எழுதினீர்கள் என்று இவர்களிடம் கேட்க வழியில்லை. ஆனால் அந்தக் காலத்துச் செய்தியை மறுமுனையில் வாங்கி, சந்தேகப்பட்டு, திருப்பிக் கேட்டு, தலைப்புப் போட்ட உதவி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கிராண்ட்பாஸ் வீரகேசரியிலும் லேக்ஹவுஸிலும் ஓய்வு பெற்று, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.