குட்டி யானையில் ஏறும் ஆகாய நூல்

விண்வெளிக்கு லிஃப்ட் கட்டப் போகிறார்கள் என்று யாராவது பேச்சை எடுத்தால், திருப்பூர்க்காரர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நூல் என்ன கவுண்ட்?

கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனிதகுலம் ஆயிரம் வருஷம், லட்சம் வருஷம் கழித்து என்ன ஆகும் என்று விஞ்ஞானிகளும் கதாசிரியர்களும் அளந்துவிடும்போது நாம் வழக்கமாக ரெண்டில் ஒன்றைச் செய்கிறோம். வாயைப் பிளந்து கேட்கிறோம். இல்லாவிட்டால் "வேலையத்தவங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இந்த ரெண்டிலும் ருசி இல்லை. ருசி வேண்டுமென்றால் அந்தக் கற்பனையை நம் டேபிளில் போட்டு, நம் இஞ்ச் டேப்பால் அளக்க வேண்டும். பனியன் கம்பெனிக்காரருக்குக் கவுண்ட், ஜி.எஸ்.எம்., ஷிப்ட் கணக்கு, ஷிப்மென்ட் தேதி. இந்த நாலும் கையில் இருந்தால் பிரபஞ்சத்தையே செக்கிங் டேபிளுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

லிஃப்டிலிருந்தே தொடங்குவோம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நம் தலைக்கு மேலேயே நிற்பதுபோல் தெரியும். அங்கிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டால், ராக்கெட் இல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறலாம். ரஷ்யாவின் ஆர்த்சுதானோவ் 1960-ல் சொன்ன யோசனை இது. படித்ததும் என் கை தானாகக் கால்குலேட்டரைத் தேடியது. முப்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டுக்கு முப்பது சிட்டம். சிட்டம் ஒன்றுக்கு 840 கஜம். கிலோவுக்கு மாற்றினால் 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அதாவது ஒரு கிலோ நூலின் ஒரு முனையைத் திருப்பூரில் கட்டினால் மறுமுனை கோயமுத்தூரில் இருக்கும்.

எனக்குத் தெரிந்த நூல் வியாபாரி ஒருவர் குடோன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, முப்பதாம் நம்பர்ல ஆகாசம் வரைக்கும் போகணும்னா எவ்வளவு நூல் வேணுமுங்க?"

"எத்தனை கிலோமீட்டருங்க?"

"முப்பத்தாறாயிரம்னு வெச்சுக்கங்க."

அவர் விரலை மடக்கினார். "எழுநூறு கிலோ. அம்பது கிலோ மூட்டைல பதினாலு. மேல ரெண்டு மூணு கோன் சேத்திக்கலாம். குட்டி யானைல ஒரே நடை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பணம் கேஷுங்களா, கிரெடிட்டுங்களா?" என்றார்.

இதைத்தான் ரசிப்பு என்கிறேன். மனிதன் நட்சத்திரங்களை எட்டும் பாதை, முக்கால் டன் ஏற்றும் ஒரு குட்டி யானையில் அடங்கிவிடுகிறது என்று தெரிந்த நிமிஷத்தில் சிரிப்பும் பிரமிப்பும் ஒன்றாக வருகின்றன. ஜப்பானின் ஒபயாஷி கட்டுமான நிறுவனம் 2012-ல், 2050-க்குள் இப்படி ஒரு லிஃப்ட் கட்டுவோம் என்று அறிவித்தது. அவர்கள் சொன்ன கேபிள் நீளம் 96,000 கிலோமீட்டர். குட்டி யானை மூன்று நடை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். டெலிவரி தேதி தள்ளிப்போகுமா என்று திருப்பூரில் யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனை தடவை தள்ளிப்போகும் என்றுதான் கேட்பார்கள்.

கணக்கு இங்கே முடிந்துவிடவில்லை. நல்ல பகுதியே இனிமேல்தான். நூல் வாங்கும்போது ஆர்.கே.எம். கேட்கிறோம் இல்லையா? அந்த எழுத்துகள் ஒரு ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தவை. அறுபடும் கிலோமீட்டர் என்று பொருள். ஒரு நூலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டே போனால், எத்தனையாவது கிலோமீட்டரில் தன் சொந்த எடை தாங்காமல் அது அறுந்துபோகும் என்பதுதான் ஆர்.கே.எம். நல்ல பருத்தி நூலுக்குப் பதினெட்டு, இருபது வரும். ஆகாய லிஃப்டுக்கு எவ்வளவு வேண்டும்? மேலே போகப் போகப் புவியீர்ப்பு குறைவதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரே தடிமனான கயிறாக இருந்தால் கிட்டத்தட்ட 5,000. நம் பதினாலு மூட்டை பருத்தி இருபதாவது கிலோமீட்டரிலேயே அறுந்து தலையில் விழுந்துவிடும். உலகத்துப் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் கார்பன் நானோ குழாய்களை வைத்துக்கொண்டு போராடுவது இந்த எண்ணோடுதான். ஸ்பின்னிங் மில்லின் டெஸ்டிங் ரூமில் தினமும் எழுதப்படும் அதே எண். மனிதகுலத்தின் எதிர்காலத்துக்கும் கோயமுத்தூர் மில்லுக்கும் இடையில் இருப்பது வெறும் அளவு வித்தியாசம்தான் என்று நினைத்துப் பாருங்கள், ஒரு தனி சுகம்.

இந்த லிஃப்டை வைத்து ஆர்தர் சி. கிளார்க் 1979-ல் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' என்ற நாவல் எழுதினார். 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்தவர். லிஃப்டின் அடிவாரம் பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும், இலங்கையோ அங்கே இல்லை. மனிதர் அசரவில்லை; தீவையே சில நூறு கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தாப்ரோபேன் என்று பெயர் மாற்றிக் கதையை ஆரம்பித்துவிட்டார். ஆனால் நான் விழுந்து விழுந்து சிரித்த இடம் அதுவல்ல. இருபத்திரண்டாம் நூற்றாண்டு. கண்ணுக்கே தெரியாத வலிமையான இழை தயார். பணம் தயார். என்ஜினியர் தயார். வேலை எங்கே நிற்கிறது தெரியுமா? லிஃப்டுக்குப் பொருத்தமான மலை உச்சியில் ஒரு பௌத்த மடம் இருக்கிறது. பிக்குகள் இடம் தர மறுக்கிறார்கள். மேம்பாலத்துக்கு நில எடுப்பு எத்தனை வருஷம் இழுத்தது என்று பார்த்த எவரும் இந்த இடத்தில் புத்தகத்தை மடித்து மடியில் வைத்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. பிக்குகள் கடைசியில் எப்படிக் கிளம்பினார்கள் என்பதைச் சொல்லமாட்டேன், அதற்காகவாவது படியுங்கள். லிஃப்ட் எப்போது வரும் என்று கேட்டவர்களிடம் கிளார்க், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஐம்பது வருஷத்தில் வரும் என்கிற தொனியில் பதில் சொன்னதுண்டு. நாம் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற ஜி.எஸ்.எம்.மை எங்கே பயன்படுத்துவது? ஃப்ரீமன் டைசன் 1960-ல் சொன்ன ஒரு கற்பனை இருக்கிறது. மிகவும் முன்னேறிய நாகரிகம் தன் சூரியனின் ஒளியில் துளியும் வீணாக்காமல், அதைச் சுற்றிலும் ஏதாவது அமைத்துப் பிடித்துக்கொள்ளும் என்றார். அவர் சொன்னது தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற அமைப்புகளை. நாம் சும்மா சூரியனுக்கு ஒரு சட்டை தைப்போம். பூமி சுற்றும் தூரத்தில், 150 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்ஸியில். கணக்குப் போட்டால் துணியின் எடை, நம் நிலாவின் எடையில் பாதிக்கும் கொஞ்சம் மேலே வருகிறது. கட்டிங் வேஸ்ட் தனி. கழுத்துக்கு ரிப் தனி. ஒரு சூரியனுக்கே இப்படி என்றால், விண்வெளியில் எத்தனை நாகரிகங்கள் ஆர்டர் போட்டு வைத்திருக்கின்றன என்று தெரியவில்லை. நம் பேட்டையில் இவ்வளவு நாளாக ஒரு கொட்டேஷன்கூட வராததைப் பார்த்தால் அநேகமாக யாரும் இல்லை.

ஷிப்ட் கணக்கு இன்னும் சுலபம். பொருளாதார மேதை கீன்ஸ் 1930-ல் எழுதிய கட்டுரையில், நூறு வருஷத்தில் மனிதன் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும் என்றார். அவர் கெடு வைத்தது 2030. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு இதை விளக்குங்கள்: திங்கட்கிழமை காலையில் மிஷினில் உட்கார்ந்தால், செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணி டீயோடு அந்த வாரம் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் மனிதன் தவிப்பான் என்பதுதான் கீன்ஸின் கவலையே. நான் இதைச் சொல்லிக் காட்டிய ஓவர்லாக் டெய்லர் ஒருவர் யோசித்தார். "அந்த மீதி நாள்ல வேற கம்பெனில பீஸ் ரேட்டுக்குப் போலாமுங்களா?" என்றார். கீன்ஸ் யோசிக்காத கோணம்.

எல்லாக் கற்பனையும் நம்மைச் சிரிக்க மட்டும் வைப்பதில்லை. சில நேரம் நாம் அங்கே ஏற்கெனவே போய்விட்டுத் திரும்பியிருப்போம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம் எல்லாவற்றையும் சுத்திகரித்து 98 சதவீதத் தண்ணீரை மீட்டுவிட்டோம் என்று 2023-ல் நாசா அறிவித்தது. செவ்வாய்ப் பயணத்துக்கு இது பெரிய படிக்கல். நொய்யலின் நிறத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுச் சாயத்தண்ணீரும் வெளியே போகக் கூடாது என்ற கட்டாயத்தில் ஊரே ஆர்.ஓ.வையும் எவாபரேட்டரையும் கட்டிக்கொண்டு அழுதது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீரைத் திரும்ப எடுத்துப் பட்டறைக்கே அனுப்புகின்றன. கடைசியில் மிஞ்சுவது கலவை உப்பு. அதை எங்கே கொட்டுவது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. செவ்வாயில் குடியேறுவது பற்றிய படத்தைப் பார்க்கும்போது, கண்ணாடிக் கூரையையும் கீரைத் தோட்டத்தையும் விட்டுவிட்டு, பின்பக்கம் உப்பு மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். நான் தேடிய எந்தப் படத்திலும் இல்லை.

தமிழில் இந்த விளையாட்டுக்கு ஆசான் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அவருடைய கை உண்டு. எண்பதுகளில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தது. கதை நடக்கும் காலம் 2021-ஐ ஒட்டி. ஜீவா என்ற சர்வாதிகாரி, குழந்தை பெற அரசாங்க அனுமதி, ஜீனோ என்ற இயந்திர நாய். அந்தத் தேதி இப்போது நமக்குப் பின்னால் போய்விட்டதால், பலர் இதை விடைத்தாள் திருத்துவதுபோல் படிக்கிறார்கள்: இது பலித்தது, அது பலிக்கவில்லை. தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். நிஜமான 2021-ல் நாம் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தோம். அதை எந்தக் கதாசிரியர் எழுதியிருந்தாலும் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பெயர்களை எண்ணிப் பாருங்கள். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ. அத்தனையும் ரெண்டெழுத்து. அரசாங்கம் ஒதுக்கிய பெயர்கள். ஒரு டீ-ஷர்ட்டுக்கு ஸ்டைல் நம்பர் போடுவதுபோல் மனிதனுக்குப் போட்டிருக்கிறார்கள். பக்கம் பக்கமாக அடக்குமுறையை வர்ணிக்காமல், கணினியில் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகச் சுருங்கிப்போன பெயர்களில் சுஜாதா அதை முடித்துவிடுகிறார். பேக்கிங் லிஸ்ட் தட்டச்சு செய்தவர்களுக்கு அது சட்டென்று உறைக்கும்.

ஜீனோவையும் நம் ஊர்க் கண்ணால் பார்க்கலாம். விளையாட்டுப் பொம்மையாக வீட்டுக்குள் வருகிறது. புத்தகம் படிக்கிறது. கேள்வி கேட்கிறது. கொஞ்ச நாளில் எஜமானிக்கே யோசனை சொல்கிறது. கைமடியாக நுழைந்து, டெய்லராகி, மாஸ்டராகி, கான்ட்ராக்ட் எடுத்து, ஒரு நாள் பழைய முதலாளிக்கே ஜாப் ஒர்க் ரேட் சொல்பவரை நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! ஜீனோ இயந்திரம் என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைக்கலாம். எனக்கு அது திருப்பூர்க்காரன். (சுஜாதா இறந்தது 2008 பிப்ரவரி 27, கிளார்க் மார்ச் 19. மூன்றே வாரம். எதிர்காலத்தைக் கலாய்க்க ஆள் இல்லாமல் போன ஒரு மாதம் அது.)

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. போட்டிருக்கும் பனியனின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைத் திருப்புங்கள். பருத்தி மண்ணில் மக்கிவிடும். பாலியஸ்டர் லேபிள் அவ்வளவு சீக்கிரம் மக்காது. ரெண்டாயிரம் வருஷம் கழித்துக் காதர்பேட்டையைத் தோண்டுபவருக்குக் கிடைக்கப்போவது லட்சக்கணக்கான லேபிள்கள்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கை: நீர்ச் சடங்கு என்பார். முக்கோணம்: தெய்வம். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி: அந்தத் தெய்வத்தை மறுத்த கலகக்காரக் கூட்டம். சதுரத்துக்குள் வட்டம்: பிரபஞ்சத் தத்துவம். ப்ளீச்சும் டிரையரும் அவருக்குத் தோன்றவே தோன்றாது.

அவரைப் பார்த்துச் சிரித்த கையோடு, இதே நொய்யல் கரையில் கீழே இருக்கும் கொடுமணலையும் நினைத்துக்கொள்ளுங்கள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தொழில் நகரம். இரும்பை உருக்கினார்கள், காங்கேயம் பக்கத்துப் படியூர் பச்சைக்கல் மணிகளாகி ரோம் வரை போனது. அதுவும் ஏற்றுமதி ஊர்தான். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர்கள் கீறியிருந்தன. பானை யாருடையதோ, அவர் பெயர். நம் லேபிளில் வாங்கியவர் பெயர் இருக்கும், சைஸ் இருக்கும், சலவை முறை இருக்கும். தைத்தவர் பெயர் மட்டும் இருக்காது. எதிர்கால ஆராய்ச்சியாளர், எக்ஸ்.எல். என்ற ஓர் அரசன் இங்கே வெகுகாலம் ஆண்டான் என்று முடிவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

போன வாரம் அந்த நூல் குடோன் வழியாகப் போனேன். வியாபாரி கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த ஆகாச ஆர்டர் என்னாச்சு?"

"ஆர்.கே.எம். பத்தலைங்ணா. அஞ்சாயிரம் கேக்கறாங்க."

அவர் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலியஸ்டர் மிக்ஸ் போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.