பக்கத்து நாற்காலியில் ஆள் வேண்டும்

டைட்டோ கம்பனி 2014 டிசம்பரில் ஜப்பானின் ஆர்கேட் கடைகளில் இறக்கிய ‘லெஃப்ட் 4 டெட்: சர்வைவர்ஸ்’ மெஷினில் உட்கார்ந்து ஆடிய மலையகத்துப் பிள்ளைகள் அதிகம் இருக்க மாட்டார்கள். படிக்கப் போன இடத்தில் எனக்கு அது வாய்த்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. அதனால் எழுதியே விடுகிறேன். நான் ஆடிய துப்பாக்கி விளையாட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. அடித்துச் சொல்கிறேன்.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். துப்பாக்கி விளையாட்டைக் கற்றது ஹட்டன் டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு மாடிக் கடையில். டியூஷன் முடிந்ததும் நோர்வூட், கொட்டகலை, மஸ்கெலியா என்று நாலா பக்கத்துப் பொடியன்களும் அங்கேதான் கூடுவோம். ஆட்டம் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு. முழு மணித்தியாலத்துக்கும் ஒருத்தனிடம் காசு இருக்காது. இரண்டு பேர் சேர்ந்து போடுவோம். ஒருத்தன் கீபோர்டைப் பிடித்து நடப்பான், மற்றவன் மவுஸைப் பிடித்துப் பார்த்துச் சுடுவான். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி. “மச்சான், இடது பக்கம் போடா!” என்று மவுஸ்காரன் கத்துவான். “நீ முதல்ல நேராப் பாருடா!” என்று கீபோர்டுக்காரன் திருப்பிக் கத்துவான். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

இந்த ‘ஆளுக்குப் பாதி’யில்தான் இஷ்டத்துக்கு நடந்துகொண்டே சுடும் இந்தவகை விளையாட்டை ஆர்கேடுக்குக் கொண்டுபோவதன் முழுச் சிக்கலும் இருக்கிறது. ஆர்கேடில் துப்பாக்கிக்கு என்றுமே பஞ்சமில்லை. சேகாவின் விர்ச்சுவா காப் 1994இல் வந்தது, பின்னாலேயே நம்கோவின் டைம் கிரைசிஸ் வந்தது. கையில் பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கொடுப்பார்கள், நீங்கள் குறிபார்த்தால் போதும். நடப்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும். ஆனால் 1993இல் வந்த டூமும் 1996இல் வந்த குவேக்கும் காட்டிய உலகம் வேறு. எந்த மூலைக்குப் போவது, எந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிவது, எல்லாம் உங்கள் இஷ்டம். அதற்கு ஒரு கை நடக்க வேண்டும், இன்னொரு கை பார்க்க வேண்டும். வீட்டில் என்றால் பல நாள் பழகிக் கைக்குக் கொண்டுவரலாம். ஆர்கேடில் அந்தப் பேச்சே கிடையாது. காசைப் போட்டவன் ஒரு நிமிஷத்துக்குள் குஷியாகிவிட வேண்டும், சில நிமிஷத்தில் அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் பிழைக்க முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களை எல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1998இல் லேசர்-ட்ரான் என்ற கம்பனி குவேக்கையே ஆர்கேடுக்கு மாற்றிப் பார்த்தது. பெட்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வெளியே வந்தன. அடுத்த வருடம் சேகா ‘அவுட்ரிகர்’ என்று ஆர்கேடுக்காகவே ஒன்றைச் செய்தது. நடக்க ஒரு கைப்பிடி, பார்க்க ஒரு உருட்டுப் பந்து. பந்தை உள்ளங்கையால் தட்டினால் தலை சட்டென்று திரும்பும். எவ்வளவு அழகான யோசனை! 2003இல் நம்கோ வேறு வழியில் போனது. கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு உரிமம் வாங்கி, ஜப்பானிய அனிமே முகங்களை வைத்து ‘கவுன்டர் ஸ்ட்ரைக் நியோ’ ஆக்கியது. கீபோர்டையும் மவுஸையும் தூக்கி எறியாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கென்றே லெட்ஸோன் என்ற பெயரில் கடைகளைத் திறந்தது. எங்கள் ஹட்டன் மாடிக் கடையின் பணக்காரத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 2006இல் டைட்டோவின் ‘ஹாஃப் லைஃப் 2: சர்வைவர்’. கைக்கு இரண்டு ஜாய்ஸ்டிக், காலுக்குப் பெடல். 2004இல் வால்வ் கம்பனி வெளியிட்ட ஹாஃப் லைஃப் 2 நிதானமாக நடந்து, சுவரைப் பார்த்து, வானத்தைப் பார்த்து ரசிக்க வேண்டிய கதை. அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் காசுக்கு இவ்வளவு என்று பரிமாறுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் ஹாஃப் லைஃப் 2 தனியாளின் கதை. பக்கத்தில் இருப்பவன் இல்லாமலே முடிந்துவிடும்.

லெஃப்ட் 4 டெட் அப்படியில்லை. வால்வ் 2008இல் முதல் பாகத்தையும் 2009இல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. நாலு பேர், ஊரெல்லாம் பிணக்கூட்டம், ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த பாதுகாப்பு அறைவரை ஓட வேண்டும். அவ்வளவுதான் கதை. இதில் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஸ்மோக்கர் என்ற ஜந்து தூரத்திலிருந்து நாக்கை நீட்டி உங்களைச் சுருட்டி இழுக்கும். ஹன்டர் மேலே பாய்ந்து அமுக்கும். மாட்டிக்கொண்டவனால் பெரும்பாலும் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது. கூட வந்தவன் திரும்பி வந்து சுட்டால்தான் தப்பலாம். நான் பெரிய சூரன் என்று முன்னால் ஓடுகிறவன் முதலில் சாவான். இதைவிட நேர்மையான ஒரு விதியை எந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை.

டைட்டோக்காரர்கள் இதைப் பார்த்ததும் ஆர்கேடுக்கே பிறந்த விளையாட்டு என்று கண்டுகொண்டிருக்க வேண்டும். இடது கைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கைப்பிடியைக் கொடுத்தார்கள், அதைக் கட்டை விரலால் தள்ளி நடக்கலாம். வலது கைக்கு மவுஸ். கீபோர்டில் எந்தப் பொத்தான் எங்கே என்று தேடும் தொல்லையே போய்விட்டது, மவுஸின் கூர்மை மட்டும் அப்படியே நின்றது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். குறிபார்க்கும் சுகத்தில் கைவைக்காமல் நடக்கும் கஷ்டத்தை மட்டும் குறைத்தார்கள். பாத்திரங்களையும் மாற்றினார்கள்: பள்ளி மாணவி ஹருகா, பல்கலைக்கழக மாணவன் யூசுகே, சுற்றுலா வழிகாட்டி சாரா, அமெரிக்கர் பிளேக். ஜப்பானியப் பிள்ளை ஒருத்தி அந்தப் பெட்டி முன் உட்கார்ந்தால் திரையில் தன்னைப் போல ஒருத்தி இருப்பாள். அதில் என்ன தப்பு? எனக்கு அது பொறாமையாகவே இருந்தது.

இன்னொரு அற்புதம், அந்த விளையாட்டுக்குள் இருக்கும் ‘டைரக்டர்’. நாலு பேரும் எவ்வளவு அடிபட்டிருக்கிறார்கள், எவ்வளவு பதறுகிறார்கள் என்பதைக் கணக்குப் பார்த்து, எப்போது கூட்டத்தை அவிழ்த்துவிடுவது, எப்போது மூச்சுவிட விடுவது என்று அதுவே முடிவு செய்யும். அதே வீதி, அதே கதவு. ஆனால் போன காசுக்கு வந்தது இந்தக் காசுக்கு வராது. வழியை மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. காசு போட்டு ஆடும் கடைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் ஆடிய கடையில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் டை கட்டிய ஆபீஸ்காரர், என் அப்பா வயசு இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, என் ஜப்பான் பாஷை கடையில் சோறு வாங்கும் அளவுக்குத்தான். நடுவழியில் ஸ்மோக்கர் என்னை இழுத்துக்கொண்டு போனது. “ஐயோ!” என்று என்னையறியாமல் தமிழில் கத்திவிட்டேன். அந்த மனுஷன் திரையிலிருந்து கண்ணெடுத்து என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்னால் போய்க்கொண்டிருந்த தன் ஆளைத் திருப்பி, கூட்டத்தைப் பிளந்து வந்து நாக்கைச் சுட்டு அறுத்தார். அவருக்கும் பாதி உயிர்தான் மிச்சம். மருந்துப் பெட்டியை எடுத்து எனக்கே கட்டுப் போட்டார். ஆட்டம் முடிந்ததும் எழுந்து இருவரும் தலைகுனிந்து வணக்கம் சொன்னோம். ஹட்டன் கடையில் “பின்னால பாருடா!” என்று கத்திய அதே உறவு, பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதரோடு, அந்த ஒரு காசுக்குள் கிடைத்தது.

டைட்டோவின் அந்த விளையாட்டு ஜப்பானைத் தாண்டி வரவில்லை, சில வருடங்களில் அங்கேயும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் மூலமான லெஃப்ட் 4 டெட் 2 இன்றும் கிடைக்கிறது. அதற்குப் புது மேப் செய்யும் கருவிகளை வால்வ் இலவசமாகவே கொடுக்கிறது. இதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தவிக்கிறேன். ஒரு தோட்டத்தை மேப்பாகச் செய்து பாருங்கள். லயத்துக் காம்பராவில் தொடக்கம், பெரட்டுக்களம் வழியாக இறங்கி, கொழுந்து மடுவத்தில் ஒரு சண்டை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடுப்பளவு மறைவில் ஓட்டம், கடைசியில் ஸ்டோரின் மேல்மாடியில் கதவடைப்பு. பனி இறங்கும்போது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. நுவரெலியாவில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிகிற மாதிரி நீளத்தைச் சுருக்குங்கள். ஆர்கேடின் உயிரே அந்த ஐந்து நிமிஷம்தான்.

கேம் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயம் பார்க்கவும், மஹகஸ்தொட்டையில் கார்கள் மலையேறும் பந்தயத்தைப் பார்க்கவும், கிரகரி வாவியில் போட் ஓடவும் நாடே நுவரெலியாவுக்கு வருகிறது. கார்னிவலில் பலூன் சுடும் தட்டி முன்னால் எப்போதும் கூட்டம். அந்தத் தட்டிக்குப் பக்கத்தில் நாலு கம்ப்யூட்டரை வரிசையாகப் போட்டு, நடக்க ஒன்று, பார்க்க ஒன்று என்று இரண்டே கைப்பிடி வைத்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வசூலியுங்கள். வால்வின் அனுமதியை முறையாக வாங்கிக்கொண்டே செய்யுங்கள். நாற்காலிகளை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டுவிடாதீர்கள், தோளோடு தோள் உரச வேண்டும். மேப் செய்யத் தெரிந்த தம்பி தங்கைகள் இன்றைக்கே ஆரம்பியுங்கள். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.